பிஎஸ்ஏடி, எஸ்ஏடி, ஏசிடி, ஆஸ்வேப்... 11வது போற பையனுக்கு இதுல எது நிஜமா வேணும்?

டெக்சாஸ்_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். எங்க பையன் வர்ற ஆகஸ்ட்ல 11வது கிரேடு போறான். நானும் அவங்க அப்பாவும் தமிழ்நாட்டுல பிளஸ் டூ எழுதி, கட்ஆஃப் போட்டு, கவுன்சிலிங்ல போய் நின்னு சீட் எடுத்தவங்க. ஒரு பரீட்சை, ஒரு மார்க், ஒரு ரேங்க் லிஸ்ட், அதோட கதை முடிஞ்சுது. இங்க ஸ்கூல்லேந்து வர்ற ஒவ்வொரு ஈமெயில்லயும் ஒரு புது டெஸ்ட் பேர் இருக்கு. அக்டோபர்ல ஒத்திகை மாதிரி பிஎஸ்ஏடி, அப்புறம் காலேஜ் அட்மிஷனுக்கு எஸ்ஏடி, இல்லன்னா ஏசிடியும் எழுதலாம்ங்கறாங்க, ஸ்கூல்ல இருக்கும்போதே காலேஜ் பாடமும் படிக்கற டுவல் கிரெடிட் எடுக்கணும்னா டிஎஸ்ஐன்னு இன்னொண்ணு. இது பத்தாதுன்னு மே மாசம் லீவு விடறதுக்கு முன்னாடி ஆஸ்வேப்னு ஒரு ஃபார்ம் வந்துச்சு, அடுத்த வருஷம் எழுத விருப்பமான்னு கேட்டு. அதோட முழுப் பேர்ல ராணுவம்னு இருக்கறத பாத்ததும் அவங்க அப்பா ஃபார்ம தூக்கி டிராயர்ல போட்டுட்டாரு, இன்னும் அங்கயே தான் கிடக்கு.

பையன பத்தி சொல்லிடறேன். கணக்கு நல்லா வரும், படிக்கறது மெதுவு, ஒரு பக்கத்த ரெண்டு தடவை படிச்சா தான் அவனுக்கு மனசுல நிக்கும். ஆனா கையில ஸ்க்ரூ டிரைவர் குடுத்தா வேற ஆள். போன வருஷம் எங்க கராஜ் கதவு மோட்டார் நின்னுபோச்சு, ஆள கூப்பிடறதுக்குள்ள அவனே கழட்டிப் பாத்து உள்ள ஒரு பிளாஸ்டிக் கியர் பல்லு தேஞ்சுபோயிருக்குன்னு கண்டுபிடிச்சு, அத ஆர்டர் பண்ணி மாத்திட்டான். எலக்ட்ரிக்கல் எஞ்சினியரிங் படிக்கறேன்ங்கறான், இன்னொரு நாள் எதுக்கு காலேஜ், நேரா எலக்ட்ரீஷியன் ஆயிடறேனேங்கறான். அவங்க அப்பாவுக்கு அந்த ரெண்டாவது பேச்ச கேட்டாலே மனசு உடைஞ்சு போகுது.

ஒரு கோச்சிங் சென்டர்ல விசாரிச்சோம், பேர் வேண்டாம், எஸ்ஏடிக்கும் ஏசிடிக்கும் சேர்த்து 3,000 டாலர் கட்டுங்க, இப்பவே லேட்டுன்னாங்க. வீட்டுக்கு வந்து எனக்கு ராத்திரி தூக்கமே வரல. இதுல எத எழுதணும், எத விட்டுடலாம், தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்களேன்.


ரெண்டு_பிள்ளை_அப்பா:

சிஸ்டர், முதல்ல அந்த 3,000 டாலர கட்டாதீங்க, ஒரு மாசம் பொறுங்க. 11வது ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கேக்கறீங்க, லேட்டெல்லாம் இல்ல.

எஸ்ஏடில பாஸ் ஃபெயில் கிடையாது, நம்ம கட்ஆஃப் மாதிரி மேலேந்து வரிசையா சீட் குடுத்துட்டு வர்றதும் கிடையாது. நாலு வருஷ கிரேடு, எடுத்த கோர்ஸ், எழுதற கட்டுரை, வெளில செஞ்ச வேலை, இதோட சேர்ந்து போற ஒரு பேப்பர் தான் ஸ்கோர். ஆனா அந்தப் பேப்பர் வேண்டவே வேண்டாம்னு நினைச்சுடாதீங்க, நான் அந்தத் தப்பத் தான் பண்ணேன். கோவிட் சமயத்துல நிறைய காலேஜ் ஸ்கோர் இல்லாமலே அப்ளை பண்ணலாம்னு விட்டாங்க, அத நம்பி மூத்தவள நான் எழுதச் சொல்லவே இல்ல. எம்ஐடி 2022லயே திரும்ப கேக்க ஆரம்பிச்சுது. 2024ல டார்ட்மவுத், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக்னு வரிசையா அறிவிச்சாங்க, அதே வருஷம் மார்ச்ல நம்ம டெக்சாஸ் யூனிவர்சிட்டியோட ஆஸ்டின் கேம்பஸ், யூடி ஆஸ்டினும். அப்போ அவ 11வது முடிக்கப் போற நேரம். கோடை லீவு முழுக்க ஓடி ஓடிப் படிச்சு ஆகஸ்ட்ல எழுதினா, குழந்தைக்கு ஒரு நாள் ரெஸ்ட் இல்ல. இன்னொரு பக்கம் கலிஃபோர்னியா யூனிவர்சிட்டி எல்லா கேம்பஸ்லயும் ஸ்கோர குடுத்தாலும் பாக்க மாட்டாங்க. அதனால முதல்ல ஒரு பேப்பர்ல பையன் போக வாய்ப்பிருக்கற ஏழெட்டு காலேஜ் பேர் எழுதி, ஒவ்வொண்ணோட வெப்சைட்லயும் அவன் அப்ளை பண்ற வருஷத்துக்கு என்ன கேக்கறாங்கன்னு பாருங்க. போன வருஷ ரூல் இந்த வருஷம் இருக்காது.

நீங்க டெக்சாஸ்ங்கறதால இன்னொண்ணு. கிளாஸ் ரேங்க்ல டாப் 10 சதவீதத்துக்குள்ள இருந்தா இங்க பப்ளிக் யூனிவர்சிட்டில அட்மிஷன் தானா வரும், யூடி ஆஸ்டினுக்கு மட்டும் 2026 இலையுதிர்கால அட்மிஷன்லேந்து டாப் 5 சதவீதம்னு ஆக்கிட்டாங்க. யூனிவர்சிட்டிக்குள்ள இடம் தானா வந்தாலும் எஞ்சினியரிங் பாடப் பிரிவு தானா வராது, அதுக்கு தனியா பாக்கறாங்க. அங்க தான் கணக்கு ஸ்கோர் பேசும்.

எஸ்ஏடியா ஏசிடியான்னா, எந்த காலேஜுக்கும் ரெண்டும் ஒண்ணு தான், ஒண்ண உசத்தியா பாக்கறதில்ல. எஸ்ஏடி இப்போ முழுக்க கம்ப்யூட்டர்ல, 2 மணி 14 நிமிஷம், 98 கேள்வி, 1600க்கு ஸ்கோர். படிக்கறது எழுதறது ரெண்டும் சேர்ந்து ஒரு பகுதி, கணக்கு ஒரு பகுதி, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு மாட்யூல், அதாவது ரெண்டு பாதி. முதல் மாட்யூல் நல்லா பண்ணா ரெண்டாவது கஷ்டமானது வரும், சுமாரா பண்ணா லேசானது வரும், லேசானது வந்துட்டா அதுல எல்லாம் சரியா போட்டாலும் உச்ச ஸ்கோர் கிடைக்காது. அதனால முதல் மாட்யூல்ல அவசரமே கூடாதுன்னு சின்னவனுக்கு திரும்பத் திரும்பச் சொன்னேன். ஏசிடி 36க்கு. 2025ல அத மாத்தி கேள்விகள குறைச்சாங்க, சயின்ஸ் விருப்பம்னா எழுதலாம்னு ஆக்கிட்டாங்க. இங்கிலீஷ், கணக்கு, ரீடிங் மூணும் சேர்ந்து 125 நிமிஷம், சயின்ஸ் எடுத்தா இன்னொரு 40. சில காலேஜ் சயின்ஸும் கேக்கும், அதயும் பாத்துக்கோங்க. ரெண்டுலயும் தப்பா போட்டா மைனஸ் மார்க் இல்ல, எதையும் காலியா விட வேண்டாம்.

மெதுவா படிக்கற பசங்களுக்கு என் அனுபவத்துல எஸ்ஏடி கொஞ்சம் ஒத்து வருது. அதுல ஒரு சின்ன பத்தி, ஒரு கேள்வி, அவ்வளவு தான், பத்தி 150 வார்த்தைய தாண்டாது. ஏசிடில ஒரு நீளமான பகுதிய படிச்சுட்டு அதுலேந்து வரிசையா பல கேள்விக்கு பதில் தேடணும். ஆனா இத நான் சொல்லி நீங்க முடிவு பண்ணாதீங்க. ஒரு சனிக்கிழமை காலைல, எஸ்ஏடி எழுதற புளூபுக் ஆப்ல இருக்கற ஃபுல் பிராக்டிஸ் டெஸ்ட் ஒண்ணு, அடுத்த சனிக்கிழமை ஏசிடி வெப்சைட்ல ஃப்ரீயா இருக்கறது ஒண்ணு, ரெண்டையும் டைம் வச்சு எழுத வைங்க. ரெண்டு ஸ்கோரையும் ஒப்பிட்டுப் பாக்க அந்த ரெண்டு நிறுவனமும் சேர்ந்து ஒரு டேபிள் போட்டிருக்காங்க, எஸ்ஏடி 1400ன்னா ஏசிடி 31, 1200ன்னா 25, இப்படி. எதுல மேல வருதோ அத மட்டும் பிடிங்க, ரெண்டுக்கும் சேர்த்து படிக்கறது பையன பிழியற வேலை. எஸ்ஏடிக்கு கான் அகாடமில முழு பாடமும் ஃப்ரீ. அதுக்கப்புறமும் ஒரு இடத்துல சிக்கினா அந்த ஒரு இடத்துக்கு மட்டும் டியூஷன் வைங்க.


கணக்கு_டீச்சர்:

நான் இங்க ஒரு ஹைஸ்கூல்ல கணக்கு எடுக்கறேன், டெஸ்ட் அன்னிக்கு ஹால்ல நிக்கறவங்கள்ல நானும் ஒருத்தி. மேல சார் சொன்னது எல்லாம் சரி, நான் டிராயர்ல கிடக்கற அந்த ஃபார்ம பத்தி பேசறேன், ஏன்னா உங்க பையன பத்தி நீங்க எழுதினத படிச்சதும் எனக்கு அது தான் மனசுல நின்னுது.

ஆஸ்வேப்ங்கறது ராணுவம் நடத்தற ஒரு திறமை டெஸ்ட், அத எழுதினா ராணுவத்துல சேர்ந்ததா அர்த்தம் இல்ல, சேரணும்னு கட்டாயமும் இல்ல. டெக்சாஸ்ல 10லேந்து 12 வரைக்கும் பசங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை இதையோ இதுக்கு இணையான ஒண்ணையோ எழுத ஸ்கூல் வாய்ப்பு குடுக்கணும்னு சட்டமே இருக்கு, அதனால தான் உங்களுக்கு ஃபார்ம் வந்துச்சு. காசு கிடையாது. கணக்கு, வார்த்தை அறிவோட நிக்காம எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், வண்டியும் பட்டறையும் சம்பந்தப்பட்டதுன்னு தனித்தனியா கேக்கற டெஸ்ட், ஸ்கூல் பசங்களுக்கு வர்றதுல எனக்குத் தெரிஞ்சு இது ஒண்ணு தான். கூடவே எந்த மாதிரி வேலை பிடிக்கும்னு பாக்கற ஒரு பகுதியும் உண்டு. எஸ்ஏடில உங்க பையன் கராஜ் மோட்டார் கழட்டினது தெரியவே தெரியாது. இதுல தெரியும். அடுத்து எந்தப் பக்கம் போறதுன்னு 11வதுல இருக்கற பையன் யோசிக்க இந்த ஸ்கோர் உதவும்.

உங்க வீட்டுக்காரர் பயப்படறது நியாயம் தான், ஏன்னா சாதாரணமா விட்டா ஸ்கோரும் போன் நம்பரும் ராணுவத்துக்கு ஆள் எடுக்கறவங்க கைக்கு போகலாம், அப்புறம் போன் வரும். அத தடுக்க வழி இருக்கு. ஸ்கோர வெளில குடுக்கறதுக்கு ஸ்கூல் ஒரு ஆப்ஷன் நம்பர் தேர்ந்தெடுக்கும், அதுல 8ம் நம்பர்னா அவங்களுக்கு குடுக்கவே கூடாதுன்னு அர்த்தம். ஸ்கூல்ல பசங்களுக்கு வழி சொல்ற கவுன்சிலருக்கு ஒரு ஈமெயில் போட்டு எந்த ஆப்ஷன் போட்டிருக்கீங்கன்னு கேளுங்க, 8 தான் வேணும்னு எழுத்துல குடுங்க. நிறைய பெற்றோருக்கு இது தெரியறதே இல்ல, எனக்கு ஒவ்வொரு வருஷமும் வருத்தமா இருக்கும்.

பிஎஸ்ஏடி 11வதுல எழுதறது மட்டும் தான் நேஷனல் மெரிட் ஸ்காலர்ஷிப்புக்கு கணக்கு, 10வதுல எழுதினது வெறும் பழக்கம். காலேஜுக்கு இந்த ஸ்கோர அனுப்பறதில்ல. மெரிட்டுக்கு பாக்கற நம்பர் வேற மாதிரி போடுவாங்க, ரீடிங் ஸ்கோர ரெண்டால பெருக்கி கணக்கு ஸ்கோர கூட்டி பத்தால வகுக்கணும். ரீடிங் 700, கணக்கு 740 வாங்கினா 1400 கூட்டல் 740, 2140, பத்தால வகுத்தா 214. அதிகபட்சம் 228. டெக்சாஸ்ல தகுதி கோடு 220அ ஒட்டி தான் இருக்கு. கணக்குல புலியா இருக்கற பசங்க இங்க தான் தடுக்கி விழறாங்க, ஏன்னா ரீடிங்குக்கு ரெண்டு மடங்கு எடை. உங்க பையனுக்கு அது கிடைக்கலன்னா யாரும் மனசு உடைஞ்சு போக வேண்டாம், எஸ்ஏடிக்கு ஒரு நல்ல ஒத்திகையா எடுத்துக்கோங்க.

மெதுவா படிக்கறான்னீங்களே, சின்ன வயசுலேந்தே அப்படியா? டிஸ்லெக்ஸியா மாதிரி ஏதாவது இருக்கான்னு ஸ்கூல்ல பரிசோதிச்சு சான்று இருந்தா கூடுதல் நேரம் குடுப்பாங்க, வழக்கமான நேரத்துல பாதி அளவு வரைக்கும் கூட அதிகமா கிடைக்கலாம். ஆனா அதுக்கு ஸ்கூல் வழியா அப்ளை பண்ணி ஒப்புதல் வர ஏழு வாரம் வரைக்கும் ஆகும், டெஸ்டுக்கு முந்தின வாரம் கேட்டா ஒண்ணும் நடக்காது. சும்மா மெதுவான்னா அதுக்கு கிடைக்காது, பழக்கம் தான்.

டெஸ்ட் அன்னிக்கு லேப்டாப் முழு சார்ஜ், போட்டோ ஐடி, புளூபுக்ல முன்னாடியே எக்ஸாம் செட்டப் முடிச்சு வச்சிருக்கணும். போன வருஷம் என் ரூம்ல ஒரு பொண்ணு பாட்டரி கொஞ்சூண்டு வச்சுக்கிட்டு வந்து உக்காந்தா, பிளக் பக்கத்துல இடம் மாத்திக் குடுத்தோம், ஆனா அந்தக் கை நடுக்கம் முதல் மாட்யூல் முழுக்க நிக்கல. நடுவுல வைஃபை போனா பயப்பட வேண்டாம், டெஸ்ட் பாட்டுக்கு ஓடும், எழுதினது அழியாது.


காலேஜ்_தம்பி:

அக்கா, நான் டெக்சாஸ்ல கம்யூனிட்டி காலேஜ்ல ரெண்டு வருஷம் படிச்சுட்டு இப்போ யூனிவர்சிட்டிக்கு மாறினவன், எஞ்சினியரிங் தான். டிஎஸ்ஐய பத்தி யாரும் சொல்லலன்னு எழுதறேன். அது காலேஜ் லெவல் பாடத்துக்கு பையன் ரெடியான்னு பாக்கற டெஸ்ட், டுவல் கிரெடிட்டுக்கும் கம்யூனிட்டி காலேஜுக்கும் கேப்பாங்க. டைம் லிமிட் இல்ல, மெதுவா படிக்கறவனுக்கு அதுல தொந்தரவு இல்ல. எஸ்ஏடில ரீடிங் ரைட்டிங் 480, கணக்கு 530 எடுத்துட்டா டிஎஸ்ஐ எழுதவே வேண்டாம், அதனால எஸ்ஏடி ஒண்ண ஒழுங்கா எழுதினா ரெண்டு வேலை முடியும். நான் இது தெரியாம ரெண்டையும் எழுதினேன்.

அப்புறம் எலக்ட்ரீஷியன் பேச்சு. அங்கிள் வருத்தப்படறது புரியுது, எங்க அப்பாவும் அப்படித் தான். ஆனா எலக்ட்ரீஷியன்னா டெஸ்டே இல்லாம போற வேலைன்னு நினைச்சுடாதீங்க. எலக்ட்ரீஷியன்களோட ஐபிஇடபிள்யூ யூனியனும் கான்ட்ராக்டர்களும் சேர்ந்து நடத்தற, வேலை செஞ்சுக்கிட்டே கத்துக்கற அப்ரென்டிஸ்ஷிப்ல சேரவே ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. அல்ஜீப்ராவும் ஃபங்ஷன்ஸும் 33 கேள்விக்கு 46 நிமிஷம், ரீடிங் 36 கேள்விக்கு 51 நிமிஷம், ஸ்கோர் 1லேந்து 9 வரைக்கும், 4 வந்தா தான் அடுத்து இன்டர்வியூ. அங்கயும் ரீடிங் பாதி இடத்த பிடிக்குது பாருங்க. என் ரூம்மேட்டோட அண்ணன் அதுல இருக்காரு, பகல்ல சம்பளத்தோட வேலை, சாயங்காலம் கிளாஸ். அதனால எந்தப் பக்கம் போனாலும் இந்த வருஷம் அவன் உக்காந்து பண்ற அல்ஜீப்ராவும் ரீடிங்கும் வீணாப் போகாது. இத அங்கிள்கிட்ட சொல்லுங்க, ரெண்டு பேருக்கும் நடுவுல சண்டை குறையும்.


டெக்சாஸ்_அம்மா:

மூணு வாரம் கழிச்சு வந்து எழுதறேன், மன்னிக்கணும், நீங்க சொன்னத செஞ்சு பாத்துட்டு வரலாம்னு இருந்தேன். ரெண்டு சனிக்கிழமை, ரெண்டு டெஸ்ட். எஸ்ஏடி பிராக்டிஸ்ல 1230 வந்துச்சு, ரீடிங் 570, கணக்கு 660. ஏசிடில 24. டேபிள்ல பாத்தா 1230க்கு 26 வருது, அதனால எஸ்ஏடின்னு முடிவு பண்ணியாச்சு, கோச்சிங் சென்டருக்கு போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிட்டேன்.

கணக்குல எப்படிடா 660, நீ தான் நல்லா போடுவியேன்னு அவன்கூட உக்காந்து தப்பான கேள்விய எல்லாம் ஒவ்வொண்ணா பாத்தேன். நான் கணக்கு விட்டு இருபது வருஷம் ஆச்சு, இருந்தாலும் உக்காந்தேன். இதே மாதிரி ஒண்ணு, 3x + 5 = 20ன்னா 6x + 10 எவ்வளவு. இவன் x 5ன்னு கண்டுபிடிச்சிருக்கான், 5ங்கறது ஆப்ஷன்லயே இருக்கு, அத டிக் பண்ணிட்டு போயிட்டான். கேட்டது 40. இப்படி நாலு இடம். தெரியாம போனது ரெண்டே ரெண்டு தான், மத்ததெல்லாம் கேள்விய கடைசி வரைக்கும் படிக்காதது. அவனே ஒரு நோட்டு எடுத்து தப்பு பண்ண கேள்வி, என்ன தப்பு, அடுத்த தடவை என்ன பண்ணணும்னு எழுத ஆரம்பிச்சிருக்கான், முதல் பக்கத்துல பெரிசா "என்ன கேட்டிருக்கான்னு கோடு போடு"ன்னு எழுதி வச்சிருக்கான். அத பாத்ததும் எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

டீச்சர், ஒண்ணாங் கிளாஸ்லேந்தே அவனுக்கு படிக்கறது மெதுவு தான். இங்கிலீஷ் வீட்ல பேசாததால தான்னு நாங்களே நினைச்சு விட்டுட்டோம். ஸ்கூல் திறந்ததும் பரிசோதிக்கச் சொல்லி எழுதிக் குடுக்கப் போறேன்.

இப்போ ஒரே கேள்வி. நிஜ எஸ்ஏடிய எப்போ எழுத வைக்கறது? ஆகஸ்ட்லயே ஒண்ணு இருக்காமே.


ரெண்டு_பிள்ளை_அப்பா:

ஆகஸ்ட் வேண்டாம் சிஸ்டர். நீங்க டீச்சர் சொன்ன பரிசோதனைக்கு போறதா இருந்தா, அதோட முடிவும் கூடுதல் நேர ஒப்புதலும் வர மாசக்கணக்குல ஆகலாம், அதுக்கு முன்னாடி எழுதி என்ன பிரயோஜனம். அக்டோபர்ல ஸ்கூல்ல பிஎஸ்ஏடி எழுதட்டும். கேள்வி வர்ற விதமும் ஆப்பும் அதே தான், அதுல ரீடிங்ல எங்க விழறான்னு தெரிஞ்சுடும். முதல் நிஜ டெஸ்ட் மார்ச்ல. 11வது கணக்குல பாதிக்கு மேல அதுக்குள்ள முடிஞ்சிருக்கும், மே மாசம் ஏபி பரீட்சை, அதான் ஸ்கூல்ல எடுக்கற காலேஜ் லெவல் பாடங்களோட பரீட்சை, வந்து கழுத்த பிடிக்கறதுக்கு முன்னாடி இது முடிஞ்சுடும். பத்தலன்னா 12வது ஆரம்பிக்கறப்போ ஆகஸ்ட்ல இன்னொண்ணு. நிறைய காலேஜ் ரெண்டு தடவை எழுதினதுல ரீடிங்குக்கு எது நல்லதோ, கணக்குக்கு எது நல்லதோ எடுத்து சேர்த்துக்கறாங்க, மூணாவது நாலாவது தடவைல்லாம் வேண்டாம், பையன் சலிச்சுப் போயிடுவான்.

மார்ச் டெஸ்டுக்கு ரிஜிஸ்ட்ரேஷன் திறந்ததும் உடனே கட்டிடுங்க. பக்கத்து சென்டர் நிறைஞ்சு போய் நாங்க சின்னவனுக்காக காலைல அஞ்சு மணி இருட்டுல கிளம்பி ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு போனோம்.


டெக்சாஸ்_அம்மா:

ரொம்ப நன்றி சார், மார்ச்னு காலண்டர்ல எழுதியாச்சு. தம்பி, நீங்க எழுதினத அவங்க அப்பாவுக்கு படிச்சு காட்டினேன், அந்த 33 கேள்வி 46 நிமிஷத்த ரெண்டு தடவை கேட்டாரு. நேத்து ராத்திரி அவரே டிராயர்லேந்து ஆஸ்வேப் ஃபார்ம எடுத்து கையெழுத்து போட்டு, 8ம் நம்பர் ஆப்ஷன் வேணும்னு கவுன்சிலருக்கு ஈமெயிலும் அனுப்பிட்டாரு.